முத்தம் என்றால் முத்தா, முத்தமா?

தூத்துக்குடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா அடுப்பில் மீன் குழம்பை வைத்துவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் ஹாலில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பள்ளியில் அவளுக்கு ஒரு புராஜெக்ட். தலைப்பு, மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி.

அம்மாவின் போனில் திடீரென்று ஓர் அறிவிப்பு. 'உங்கள் மகளின் போனில் வயது வந்தோருக்கான பக்கம் தடுக்கப்பட்டது.' போன மாதம் அப்பா போட்டுக்கொடுத்த கண்காணிப்பு ஆப்பின் வேலை அது.

"ஏட்டி, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?"

"முத்துச்சிப்பிம்மா. புராஜெக்ட்டுக்கு."

"முத்துச்சிப்பி பாத்தா இப்படியா வரும்? பொய் சொல்லாத."

மகளின் முகம் சுண்டிப்போகிறது. உண்மையில் அவள் பொய் சொல்லவில்லை. முத்துச்சிப்பியின் இனப்பெருக்கம் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத்தான் திறந்தாள். பல முத்துச்சிப்பிகள் முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறக்கூடியவை. அதைச் சொல்லும் கட்டுரையில் 'செக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் வரிக்கு வரி வரத்தான் செய்யும். மென்பொருள் சொற்களை எண்ணியது, மதிப்பெண் போட்டது, கதவைச் சாத்தியது. அந்த மதிப்பெண்ணை அம்மா தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்.

வீடு கற்பனைதான். ஆனால் இந்தக் குழப்பம் கற்பனை இல்லை. பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்த கையோடு கண்காணிப்பு ஆப்பையும் போட்டுக்கொடுக்கும் பெற்றோர் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தை 'வயது வந்தோருக்கானது' என்று அந்த ஆப் எப்படி முடிவு செய்கிறது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

பத்துச் சல்லடை

இதைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடியின் பழைய தொழில் ஒன்றே போதும்.

இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலிலிருந்து வந்த முத்துகளைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகளை அடுக்கி வைத்துச் சலிப்பார்கள். அவற்றுக்குப் 'பெட்டி' என்று பெயர். முதல் பெட்டியில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100 என்று கூடிக்கொண்டே போய், பத்தாவது பெட்டியில் 1000 துளைகள். துளைகள் கூடக்கூட அளவு சிறுக்கும். பெரிய முத்து முதல் பெட்டியிலேயே தங்கிவிடும். பொடி முத்து கடைசி வரை இறங்கும்.

ஆனால் வேலை அதோடு முடியாது. சல்லடைக்குத் தெரிந்தது அளவு மட்டும்தான். உருண்டையா, கோணலா, ஒளி இருக்கிறதா, மங்கலா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதன் பிறகு அனுபவசாலிகள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துத் தரம் சொல்வார்கள். உருவத்திலும் ஒளியிலும் குறையே இல்லாததுதான் 'ஆணி'. ஆணிமுத்து என்ற சொல் இன்றும் நம்மிடம் இருக்கிறது.

இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டார்கள். கடலில் மூழ்கி எடுத்தாலும் வளர்த்து எடுத்தாலும், நல்ல முத்து எது என்பதைச் சல்லடை மட்டும் சொல்லிவிட முடியாது.

இணையத்தை வடிகட்டும் மென்பொருளும் சல்லடைகளின் அடுக்குதான். ஒரே வித்தியாசம், பல வீடுகளில் சலித்ததோடு வேலை நின்றுவிடுகிறது. உள்ளங்கையில் உருட்டிப் பார்க்க ஆள் இல்லை.

முதல் சல்லடை: சீட்டு

சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. உறுப்பினர்கள் படம் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஓடிடி தளங்கள் 2021-ம் ஆண்டு விதிகளின்படி யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று தாங்களே வகைப்படுத்திப் போட வேண்டும். இணையதளங்களுக்கு இப்படி ஒரு வாரியம் எந்த நாட்டிலும் இல்லை. கோடிக்கணக்கான பக்கங்களை உட்கார்ந்து பார்க்க யாராலும் முடியாது.

அதனால் 1990-களில் ஒரு யோசனை வந்தது. தளம் நடத்துபவரே தன் பக்கத்துக்குச் சீட்டு ஒட்டிவிடட்டும் என்றார்கள். வன்முறை, நிர்வாணம், பாலுறவு, மொழி என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 1996-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் மூன்றாம் பதிப்பிலேயே இந்தச் சீட்டைப் படித்துத் தடுக்கும் வசதி இருந்தது.

யோசனை நல்லதுதான். ஆனால் சீட்டு ஒட்டியவர்கள் குறைவு. சீட்டே இல்லாத பக்கத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. பின்னாளில் இதை நடத்திவந்த அமைப்பும் 2010-ல் சீட்டு வேலையை நிறுத்திக்கொண்டது. இன்று சில ஆபாசத் தளங்கள் 'இது பெரியவர்களுக்கு மட்டும்' என்ற குறியைத் தாங்களாகவே தங்கள் பக்கத்தில் வைக்கின்றன. வடிகட்டிகள் அதைப் படித்துத் தடுக்கின்றன. நேர்மையானவர்களை மட்டுமே பிடிக்கும் சல்லடை இது.

இரண்டாவது சல்லடை: சொல் கணக்கு

அடுத்தது, பக்கத்தில் உள்ள சொற்களை எண்ணுவது. பள்ளிகளிலும் நூலகங்களிலும் பரவலாகப் பயன்பட்ட 'டான்ஸ்கார்டியன்' என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும்.

அதில் சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் மதிப்பெண் உண்டு. கெட்ட சொல் வந்தால் மதிப்பெண் கூடும். மருத்துவம், கல்வி சார்ந்த சொற்கள் வந்தால் குறையும். கூட்டிக் கழித்து வரும் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் பக்கம் திறக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு வரம்பு 50, வளர்ந்த பிள்ளைகளுக்கு 100, இளைஞர்களுக்கு 160 என்று அதன் அமைப்புக் குறிப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

ஆக, 49 வாங்கிய பக்கம் நல்லது, 51 வாங்கிய பக்கம் கெட்டது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது கூட்டல் கணக்கு.

இந்தக் கணக்கு தடுமாறிய கதைகள் ஏராளம். 1996-ல் இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏஓஎல் நிறுவனத்தில் இணையக் கணக்குத் தொடங்க முடியாமல் திணறினார்கள். அவர்கள் ஊரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்தது. கனடாவில் 1920 முதல் வெளிவந்த 'தி பீவர்' என்ற வரலாற்றுப் பத்திரிகை, 2010-ல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. பீவர் என்பது ஆற்றில் அணை கட்டும் ஒரு விலங்கு. ஆனால் கொச்சை ஆங்கிலத்தில் அதற்கு வேறு பொருளும் உண்டு. பத்திரிகை அனுப்பிய மின்னஞ்சல்கள் வடிகட்டிகளில் சிக்கிக்கொண்டே இருந்தன.

தூத்துக்குடிக்கே திரும்பி வந்தாலும் உதாரணம் கிடைக்கும். 2023 மே மாதம் இங்கே வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் 18 கிலோவுக்கு மேல் அம்பர்கிரிஸைப் பிடித்தார்கள். மதிப்பு சுமார் 31 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. 'அம்பர்கிரிஸ்னா என்ன?' என்று ஒரு பையன் தேடினால், அது எந்தத் திமிங்கிலத்திடமிருந்து வருகிறது என்று படிப்பான். அந்தத் திமிங்கிலத்தின் ஆங்கிலப் பெயர் ஸ்பெர்ம் வேல். சொல்லை மட்டும் பார்க்கும் சல்லடைக்கு அதுவும் விந்து பற்றிய பக்கம்தான்.

தமிழில் வரும் சிக்கல்

ஆங்கிலத்துக்கே இந்தப் பாடு என்றால் தமிழுக்கு?

'முத்தம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். உதட்டால் கொடுப்பதும் முத்தம். பழைய தமிழில் கடல் முத்துக்கும் முத்தம் என்று பெயர். 'முத்தம் தெளிச்சு கோலம் போடு' என்று தென்மாவட்டத்துப் பாட்டி சொன்னால் அது வீட்டு முற்றம். முத்துக்குளித்த கரையில் ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று ஆறு வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும். சொல்லை எண்ணும் மென்பொருளுக்குப் புரியாது.

'காமம்' என்ற சொல்லைத் தடைப் பட்டியலில் போட்டால் திருக்குறளின் மூன்றாம் பால் மாட்டும். 25 அதிகாரங்கள், 250 குறள்கள். 'மார்பகம்' என்று போட்டால் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய பக்கம் போய்விடும். 'நிர்வாணம்' என்று போட்டால் புத்தர் அடைந்த நிலை பற்றிய பாடம் சிக்கும். எழுத்துப் பிழையையும் சேர்த்துப் பிடிக்கட்டும் என்று விட்டால், ஓர் எழுத்தே வேறாக இருக்கும் 'துறைமுக நிர்வாகம்' கூட ஆபத்துதான்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தமிழில் சொல்லோடு சொல் ஒட்டும், விகுதி ஏறும், உருவம் மாறும். போதாக்குறைக்குப் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். ஒரே கெட்ட வார்த்தையைப் பத்து விதமாக எழுதுகிறார்கள். பெரும்பாலான வடிகட்டிகள் ஆங்கிலப் பக்கங்களை வைத்துப் பழகியவை. அதனால் ஆங்கிலத்தில் உள்ள ஆராய்ச்சிக் கட்டுரை மாட்டிக்கொள்ள, தமிழில் உள்ள அசிங்கமான கதை சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். வேண்டியது வெளியே, வேண்டாதது வீட்டுக்குள்ளே.

மூன்றாவது சல்லடை: படம்

சொல்லை விட்டுப் படத்தைப் பார்த்தால்? அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு செய்கிறது. 2016-ல் யாஹூ நிறுவனம் தன்னுடைய படம் பார்க்கும் மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் அது 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். 0.2-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பாதுகாப்பானது. 0.8-க்கு மேலே என்றால் பெரும்பாலும் ஆபாசம். நடுவில் விழுபவற்றுக்கு எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதைப் பயன்படுத்துபவரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நடுவில் விழுபவைதான் தொல்லை. 2017-ல் லண்டன் போலீஸார், தங்கள் மென்பொருள் பாலைவன மணல்மேட்டுப் படங்களை நிர்வாணப் படங்கள் என்று நினைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மணலின் நிறமும் வளைவும் உடம்பு மாதிரி தெரிந்ததுதான் காரணம். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும்.

2020-ல் கனடாவில் ஒரு விதைக் கடை, கூடையில் அடுக்கிய வெங்காயங்களைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்தது. 'அப்பட்டமான பாலுணர்வுப் படம்' என்று மென்பொருள் அதை நிராகரித்தது. உருண்டையாக, தோல் நிறத்தில் இரண்டு வெங்காயம் சேர்ந்திருந்தது குற்றமாகிவிட்டது. பிறகு நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு விளம்பரத்தை அனுமதித்தது.

நான்காவது சல்லடை: பட்டியல்

இன்று வீட்டு போன்களிலும் பள்ளி வைஃபையிலும் அதிகம் வேலை செய்வது பட்டியல் முறை. சில நிறுவனங்கள் இணையம் முழுவதையும் இயந்திரங்களை வைத்து மேய்ந்து, ஒவ்வொரு தளத்துக்கும் 'கல்வி', 'விளையாட்டு', 'சூதாட்டம்', 'ஆபாசம்' என்று வகை பிரித்து வைத்திருக்கின்றன. பிள்ளை ஒரு முகவரியைத் தட்டியதும் ஆப் அந்தப் பட்டியலைப் புரட்டுகிறது. வகையைப் பார்த்துக் கதவைத் திறக்கிறது அல்லது மூடுகிறது.

இங்கே பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இரண்டு.

ஒன்று, 'வயது வந்தோர்' என்ற தலைப்பின் கீழ் என்னென்ன இருக்கின்றன என்பது. பல அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பயன்படும் ஃபோர்டிகார்டு பட்டியலில், 'வயது வந்தோர்' தொகுப்புக்குள் ஆபாசம் இருக்கிறது. அதோடு மது, புகையிலை, சூதாட்டம், ஆயுத விற்பனை, உள்ளாடை மற்றும் நீச்சல் உடை, கருக்கலைப்பு, பாலியல் கல்வி எல்லாமே தனித்தனி வகைகளாக அதே தொகுப்புக்குள் இருக்கின்றன. தொகுப்பை ஒரே தட்டில் மூடினால், ஆபாசத்தோடு சேர்ந்து மாதவிடாயையும் உடல் மாற்றங்களையும் விளக்கும் பக்கங்களும் மூடிக்கொள்ளலாம். 'வயது வந்தோர் பக்கம் தடுக்கப்பட்டது' என்ற அறிவிப்பு வந்தால், அது உள்ளாடை விற்கும் கடையாகக்கூட இருக்கலாம்.

இரண்டு, தளத்துக்கு மதிப்பீடு என்பது வேறு, பக்கத்துக்கு மதிப்பீடு என்பது வேறு. பூட்டுக் குறி போட்ட தளங்கள் உறைபோட்டு ஒட்டிய கடிதம் மாதிரி. வழியில் நிற்கும் வடிகட்டிக்கு மேலே எழுதிய முகவரி மட்டுமே தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. யூடியூப், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் ஒரே முகவரிக்குள் கோடிக்கணக்கான பக்கங்கள். சமையலும் அங்கேதான், சாக்கடையும் அங்கேதான். மூடினால் மொத்தமாக மூட வேண்டும், திறந்தால் மொத்தமாகத் திறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் வீடியோவை இந்தப் பட்டியல் தொடவே தொடாது.

இன்னொன்றும் உண்டு. சில ஆப்கள் போன் தொடர்புகொண்ட முகவரிகளை எல்லாம் அறிக்கையில் எழுதிவிடுகின்றன. ஒரு பக்கத்தின் ஓரத்தில் வந்த விளம்பரம் தானாகவே எங்கேயோ தொடர்புகொண்டிருந்தாலும் அதுவும் கணக்கில் சேரும். பிள்ளை அதைப் பார்த்தே இருக்காது. ஆனால் அறிக்கையில் பிள்ளையின் பெயருக்கு நேராக இருக்கும்.

பட்டியல் போடுபவர்களும் தவறுவார்கள்

2015 ஜூலை 31 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 857 தளங்களை முடக்கச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அது உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்திருந்தவர் கொடுத்த பட்டியல். நகைச்சுவைத் தளம் ஒன்றும் அதில் சிக்கியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே உத்தரவு தளர்த்தப்பட்டது. 2018 செப்டம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைச் செயல்படுத்தச் சொன்னபோது, அரசு பட்டியலை மறுபடி சோதித்தது. 30 தளங்களில் ஆபாசம் எதுவும் இல்லை என்று தெரியவந்தது. 827 தளங்களை மட்டும் முடக்க உத்தரவானது.

ஓர் அரசாங்கம் கையில் எடுத்த பட்டியலிலேயே 30 தளங்கள் தவறாக இருந்தன என்றால், நம் வீட்டு போனில் இருக்கும் இலவச ஆப்பின் பட்டியல் எம்மாத்திரம்?

பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கில்லை. 2020 ஏப்ரலில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் குடும்பங்களுக்கென்று இலவச வடிகட்டும் சேவை ஒன்றைத் தொடங்கியது. தொடங்கிய உடனேயே, ஆபாசமே இல்லாத பாலின சிறுபான்மையினர் தளங்களும் மூடிக்கொண்டன. பட்டியல் கொடுத்த நிறுவனத்திடமிருந்து தவறான வகையை எடுத்துப் போட்டுவிட்டதாக அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு சரிசெய்தது.

திருகத் திருக என்ன ஆகும்?

'அப்படியானால் வடிகட்டியை இன்னும் இறுக்கிவிட்டால் என்ன?' என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

2002-ல் அமெரிக்காவில் கைசர் ஃபேமிலி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பள்ளிகளிலும் நூலகங்களிலும் பயன்பட்ட வடிகட்டிகளைச் சோதித்தார்கள். குறைந்தபட்ச இறுக்கத்தில் ஆபாசத் தளங்களில் 87 சதவிகிதம் தடுக்கப்பட்டன. உடல்நலத் தகவல் தளங்களில் தவறாகத் தடுக்கப்பட்டவை 1.4 சதவிகிதம். உச்சபட்ச இறுக்கத்துக்குப் போனபோது, தடுக்கப்பட்ட ஆபாசம் 91 சதவிகிதம்தான் ஆனது. தடுக்கப்பட்ட உடல்நலத் தளங்களோ 24 சதவிகிதமாக எகிறின.

திருகத் திருகக் கிடைத்த லாபம் 4 சதவிகிதம். நஷ்டம், உடல்நலப் பக்கங்களில் கிட்டத்தட்ட நாலில் ஒன்று. ஆய்வு பழையது, மென்பொருள்கள் மாறிவிட்டன. ஆனால் சல்லடையின் இயல்பு மாறவில்லை. துளையைச் சிறிதாக்கினால் தூசியோடு முத்தும் நின்றுவிடும்.

இதை யாருக்காக யோசிக்க வேண்டும்? முதல் மாதவிடாயில் பயந்துபோய் அம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு போனில் தேடும் பெண் பிள்ளைக்காக. தனக்கு நடந்தது தப்பா, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ராத்திரியில் தேடும் பையனுக்காக. அந்த நேரத்தில் 'வயது வந்தோர் பக்கம், தடை' என்று திரை சொன்னால், 'நான் கேட்டதே கெட்ட கேள்வி' என்றுதான் அந்தப் பிள்ளைக்குத் தோன்றும். அடுத்த முறை கேட்கவே கேட்காது.

அப்போ ஆப்பே வேண்டாமா?

வேண்டும். சின்னப் பிள்ளைகள் தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதை வடிகட்டி நன்றாகவே தடுக்கிறது. ஆபாசத் தளங்களில் பத்துக்கு எட்டு, ஒன்பதை நிறுத்தும் கதவு வீட்டில் இருப்பது நல்லதுதான். அதைக் கதவாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், நீதிபதியாக ஆக்கக் கூடாது.

தூத்துக்குடி மாவட்டம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அந்த மதுரைக் கிளையும் இந்த விஷயத்தைப் பலமுறை பார்த்திருக்கிறது. 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் ஆப்பைத் தடை செய்யச் சொன்னது. ஆபாச வீடியோக்களை வடிகட்டுவதாக நிறுவனம் விளக்கம் கொடுத்த பிறகு, நிபந்தனையோடு ஏப்ரல் 24 அன்று தடையை நீக்கியது. 2025 டிசம்பரில், ஆஸ்திரேலியாவைப் போல 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவருவதை மத்திய அரசு யோசிக்கலாம் என்றது. பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் பொறுப்பு கூடுதல் என்பதையும் சேர்த்தே சொன்னது.

அந்தப் பொறுப்பை வீட்டில் எப்படி நிறைவேற்றலாம்?

* ஆப் போட்டிருப்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். ஒளித்து வைத்த கண்காணிப்பு என்றைக்காவது வெளிப்படும். அன்றைக்கு உடையும் நம்பிக்கையை எந்த ஆப்பாலும் ஒட்ட முடியாது.

* வகைகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆபாசம், சூதாட்டம் மூடியிருக்கட்டும். பாலியல் கல்வி, உடல்நலம் என்று தனி வகைகள் இருந்தால், வளர்ந்த பிள்ளைக்கு அவற்றைத் திறந்துவிடலாம்.

* வயதுக்கு ஏற்ப அளவை மாற்ற வேண்டும். ஏழு வயதில் போட்ட பூட்டு பதினைந்து வயதிலும் அப்படியே இருந்தால், பிள்ளை அதைத் தாண்டும் வழியைத்தான் கற்றுக்கொள்ளும்.

* கூகுளில் சேஃப் சர்ச், யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோடு இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். முகவரியைத் தடுக்கும் ஆப் இந்தத் தளங்களின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

* நல்ல பக்கம் தவறாக மூடிக்கொண்டால், 'மறுபரிசீலனை' கேட்கும் வசதி பல ஆப்களில் உண்டு. தமிழ்ப் பக்கங்களுக்காக நம்மவர்கள் கேட்டால்தான் பட்டியல் திருந்தும்.

* பிள்ளையின் கண்ணில் படக் கூடாதது பட்டுவிட்டாலும் திட்டு விழாது என்ற உறுதியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். யாராவது மிரட்டினாலோ தொந்தரவு செய்தாலோ குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்ற உதவி எண் 1930 இரண்டும் போனில் பதிவாகி இருக்கட்டும்.

உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து...

இப்போது அந்தத் தூத்துக்குடி வீட்டுக்குத் திரும்பலாம். அதே சாயங்காலம், அதே அறிவிப்பு. இந்த முறை அம்மா தேங்காய்த் துருவலை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மகளின் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

"என்னமோ தடுத்துருக்குன்னு வருதே, என்னதுட்டி அது?"

"முத்துச்சிப்பிம்மா. திறக்கவே மாட்டேங்குது."

"எங்க, காட்டு பாப்போம்."

அம்மா தன் போனிலிருந்து அனுமதி கொடுக்கிறார். பக்கம் திறக்கிறது. உள்ளே ஒரு சிப்பிப் படம், இரண்டு அட்டவணை, நிறைய ஆங்கிலம்.

"இதுல என்ன இருக்குன்னு தடுத்துச்சாம்?"

"சிப்பி மொதல்ல ஆம்பளையா இருந்துட்டு அப்புறம் பொம்பளையா மாறுமாம்மா. அதத்தான் எழுதிருக்கு."

"அடப்பாவமே! எங்க அப்பாவுக்குக்கூட இது தெரிஞ்சிருக்காதே. இந்தக் கடல்லயே கெடந்தவரு."

இருவருக்கும் சிரிப்பு. மீன் குழம்பு அடிப்பிடிக்கும் வாசம் வந்த பிறகுதான் அம்மா எழுந்து ஓடுகிறார்.

ஆப் அனுப்பிய அறிவிப்பு இரண்டு முறையும் ஒன்றுதான். முதல் முறை அது மகள்மேல் விழுந்த குற்றச்சாட்டு. இரண்டாம் முறை, 'என்ன படிக்கிறாய்?' என்று பக்கத்தில் வந்து உட்கார அம்மாவுக்குக் கிடைத்த சாக்கு. நாளைக்கு நிஜமாகவே ஏதாவது தவறான பக்கம் அவள் கண்ணில் பட்டாலும், முதல் ஆளாக இந்த அம்மாவிடம்தான் வந்து சொல்வாள்.